பிரசவ அறைக்கு ஒரு துபாஷி

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரும் கப்பலில் என் மாமியாருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அப்போது கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டெக் பிரயாணிகளுக்குச் சீட்டு எழுதும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மேல்தட்டில் பாயை விரித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து, பக்கத்தில் இருப்பவர் வாந்தியெடுப்பதைப் பார்த்துக்கொண்டே கடல் தாண்டுகிறவர்களுக்கு டெக் பிரயாணிகள் என்று பெயர். கப்பல்கள் என் சொல்படி நடப்பதாக என் மனைவி நினைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அந்த எண்ணத்துக்கு நானும் கொஞ்சம் உரம் போட்டிருந்தேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் முறை. அவளுக்கும் சீட்டு எழுதி வைத்திருந்தேன். ஏழாம் மாதத்தில் கால்கள் இரண்டும் வீங்கின. டாக்டர் வந்து பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, விழுந்த குழி எழும்புவதற்குக் காத்திருந்து, கப்பல் பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே மகள் தாய்வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகத் தாய்வீடே கப்பலேறி வருவது என்று முடிவாயிற்று. மாமியார் அதுவரை நாகப்பட்டினம் கடற்கரையில் கால்கூட நனைத்ததில்லை. மகளுக்காகப் பிள்ளை மருந்துப் பொடி, வேப்பெண்ணெய், பழம்புடவை மூட்டை சகிதம் ஏறிவிட்டார்.

கப்பல் சொன்ன நாளில் வந்தது. அதில் ஒருவருக்கு அம்மை போட்டிருந்தது.

அதன் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடம். டெக் பிரயாணிகள் அத்தனை பேரையும் படகுகளில் ஏற்றித் தெற்கே ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். அம்மை ஓய்ந்தது என்று உத்தரவு ஆகும்வரை யாரும் போகவோ வரவோ முடியாது. துறைமுக ஜெட்டியில் வந்து அழுகிற உறவினர்களிடம், "அழுது ஒண்ணும் ஆகாதுங்க, வீட்டுக்குப் போங்க, ஆள் பத்திரமாத்தான் இருக்காங்க" என்று சொல்வது ஆபீசில் என் வேலைகளில் ஒன்று. அன்றைக்கு என்னிடம் அதைச் சொல்ல யாரும் இல்லாததால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் நினைத்திருந்த அளவுக்கு அதில் ஆறுதல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உங்கம்மா வந்துட்டாங்க" என்றேன். கெட்ட செய்தியை நல்ல பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள். "எங்க?"

"பினாங்குக்கு வந்துட்டாங்க. ஆனா இப்ப பினாங்குல இல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீங்க கப்பல் ஆபீசுலதானே இருக்கீங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம்?"



நாங்கள் குடியிருந்தது ஒரு கடைவீட்டு மாடியில். ஒரே நீளமான கூடம். நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் படுக்கையறை, இந்தப் பக்கம் மற்ற எல்லாம். பலகை கூரைவரை போகாது. அதனால் ஒரு பக்கம் தும்மினால் மறுபக்கம் 'நூறு வயசு' சொல்லலாம். கீழே அத்தர், சாம்பிராணி, பன்னீர் விற்கும் முஸ்லிம் கடைக்காரர். காரைக்கால் பக்கத்து மனிதர். பாதி நேரம் தமிழும் பாதி நேரம் மலாயும் பேசி, தமிழுக்கும் மலாய்க்காரர்களின் 'லா'வை ஒட்டி, இரண்டிலும் என்னைக் கிண்டல் செய்வார்.

"தம்பி, தீவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா புள்ள காத்துக்கிட்டு இருக்குமாலா? எங்க வூட்டுல அத்தன புள்ளைக்கும் ஜெலுத்தோங் மாக்தான் கை வெச்சா. இட்டாந்து வுடுறேன், கம்முனு இருங்க" என்றார்.

மாக் என்றால் மலாயில் அம்மா. பினாங்கில் வயதான மலாய்ப் பெண்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த மாக், ஜெலுத்தோங் பக்கத்து மருத்துவச்சி. முன்பே இரண்டு முறை, கேட்காமலே, கடைக்காரர் மனைவி சொல்லி என் மனைவியின் கால் வீக்கத்தைப் பார்க்க வந்திருந்தாள். "எங்கம்மா வர்றாங்கன்னு சொல்லுங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். போகும்போது வயிற்றின் அமைப்பைப் பார்த்து, ஆண்பிள்ளை என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் முறை நாங்களே கூப்பிட்டோம். வெற்றிலைச் சாறு ஊறிய வாயோடு, படிக்கட்டு அதிர ஏறி வந்து, என்னைப் பார்த்து, "என்ன கிராணி, இப்ப நான் வேணுமா?" என்றாள். அவள் பேசியதெல்லாம் மலாய். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அன்றும் அதுதான் என் வேலையாக இருந்தது.

ஏனென்றால் என் மனைவி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மீன்காரனிடம் விரலால் பேரம் பேசுவாள். மாக்குக்கோ தமிழில் தெரிந்தது 'தண்ணி' ஒன்றுதான்.

"அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது?"

"வலிக்குதுன்னு சொல்றதுக்குப் பாஷை எதுக்கு?"

"நீங்க பெத்திருக்கீங்களா?"

இப்படியாக நான் துபாஷியாக நியமனம் பெற்றேன். ஆனால் ஆண்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் மொழிபெயர்ப்பு இல்லாமலே ஒத்துப்போனார்கள். ஆகவே பலகைக்கு இந்தப் பக்கம் என் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து மலாயைத் தமிழாக்கி அந்தப் பக்கமே திருப்பி அனுப்பினேன்.

மாக் தினமும் வந்தாள். முதுகில் எண்ணெய் தேய்த்தாள். வயிற்றைச் சுற்றிக் கைகளை வைத்துப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தாள். ஐஸ் தண்ணீர் கூடாது என்றாள். கூடத்தில் மேலும் கீழும் நடக்கவைத்தாள். சில சமயம் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாளும் அவளைக் கண்டாலே மனைவிக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள், மாக் வரக் கொஞ்சம் நேரமானதும், "அந்தம்மா வரலையா?" என்று கேட்டாள்.

சிக்கல் என்னிடம்தான் இருந்தது. பெண்கள் பெண்களிடம் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றை ஒரு மரப்பலகையைப் பார்த்து, உரத்த குரலில், கீழே அத்தர் வாங்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி, தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் மாக் ஒரு நீண்ட கேள்வி கேட்டாள்.

"என்னங்க கேக்கிறா?" என்றாள் மனைவி.

"உடம்பு சௌக்கியமான்னு கேக்கிறாங்க."

"அவ்ளோ நீளமாவா கேட்டா?"

"மலாய்ல அது கொஞ்சம் நீளம்."

பதட்டம் வந்தால் எனக்கு இன்னொரு கோளாறு: பேச்சுத் தமிழ் மறந்து பத்திரிகைத் தமிழ் வந்துவிடும். "மூச்சை ஆழமாக உள்ளிழுத்து மெதுவாக வெளியிடவும்" என்று ஒருமுறை பலகைக்கு மேலாகச் சொல்லிவிட்டேன். "பேப்பர் படிக்காதீங்க. அவ சொன்னதை மட்டும் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் வலி கண்டது. கடைக்காரர் ரிக்‌ஷா அனுப்பி மாக்கை வரவழைத்தார். என்னிடம் ஒரு தடித்த ஆங்கில வைத்திய நூல் இருந்தது. பிரசவ அத்தியாயத்தின் முதல் வாக்கியமே டாக்டரைக் கூப்பிடச் சொன்னது. டாக்டரையும் கூப்பிட்டனுப்பினேன். அவர் வேறொரு நோயாளியைப் பார்க்கக் காலைப் படகில் அக்கரைக்குப் போயிருந்தார். திரும்பியதும் வருவார் என்று தகவல் வந்தது. அத்தியாயத்தின் இரண்டாவது வாக்கியம், டாக்டர் வந்தபின் செய்ய வேண்டியதைப் பற்றியது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆபீசில் நான் கற்ற மலாய், துறைமுகக் கூலிகளோடு பேசக் கற்றது. பொறு, தூக்கு, விடு, மெதுவாக, இப்போது தள்ளு, நிறுத்து, இன்னும் ஒரு தரம். பிரசவத்துக்கு வேண்டிய வார்த்தைகளும் அவ்வளவுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாக் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் என் குரல் கட்டியது. வலி வரும்போதெல்லாம் மனைவி தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. அம்மை போட்டது எனக்கில்லை என்றாலும், சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

வெயில் ஜன்னலுக்கு வருவதற்குள் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"பொண்ணு!" என்று மாக் கத்தினாள். இதை நான் மொழிபெயர்ப்பதற்குள் மனைவி, "தெரியுது, தெரியுது" என்றாள்.

"ஆண்பிள்ளைன்னு சொன்னீங்களே, மாக்?" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"அது அடுத்ததைப் பத்திச் சொன்னது" என்றாள் மாக்.

சிரித்தேன். கீழே கடைக்காரர், "என்னா தம்பி, சிரிப்புச் சத்தம் கேக்குது? யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தார். "மகள்!" என்றேன். "மாஷா அல்லா! அத்தர் கேட்டு வருவா, கடன் கிடையாதுன்னு இப்பவே சொல்லி வையுங்க" என்றார்.

அப்போது தடுப்பு வாசலில் தொங்கிய திரைச்சீலை விலகியது. மாக் என் கையில் ஒரு பழைய வேஷ்டிப் பொதியைத் திணித்தாள். உள்ளே சிவந்த, கோபமான ஒரு சிறுமுகம். "பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள். குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். காலையிலிருந்து ஓயாமல் பேசிய மாக் பேசவில்லை. துணி கிழியும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மாக், "கிராணி, இன்னும் அக்கா வரல" என்றாள்.

இரட்டைப் பிள்ளை என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நஞ்சுக்கொடியை மலாய்க்காரர்கள் குழந்தையின் உடன்பிறப்பு என்பார்கள். பத்து மாதம் உள்ளே கூடவே இருந்து காவல் காத்த மூத்தது, அதனால் மரியாதையோடு நடத்த வேண்டியது. அந்த மூத்தது வெளியே வரவில்லை. வராமல் போனால் தாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். கப்பலில் அப்படி இறந்து கடலில் இறக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரை நானே பிரயாணிகள் பட்டியலிலிருந்து அடித்திருக்கிறேன்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் மனைவி. குரல் தூரத்திலிருந்து வந்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பொறுக்கச் சொல்றாங்க."

"அவ மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

மாக், "காலி பாட்டில் ஒண்ணு கொடு. அதுக்குள்ள ஊதச் சொல்லு, வயிறு இறுகும்" என்றாள். வீட்டில் இருந்த ஒரே பாட்டில் என் ஈரல் டானிக். அதில் பாதிக்கு மேல் இருந்தது. கையில் குழந்தை. புத்தி உள்ள எவனும் டானிக்கை வாசலில் கொட்டியிருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. பாட்டிலைத் தூக்கி வாயில் கவிழ்த்து முழுவதையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலைத் திரைக்கு உள்ளே நீட்டினேன்.

மனைவி ஊதினாள். மெல்லிய ஊளை ஒன்று கேட்டது, ஜெட்டியை விட்டுப் போகும் கப்பலின் சங்கு போல. மறுபடி ஊதினாள். மூன்றாவது முறை சத்தம் வரவில்லை.

"ஊதச் சொல்லு" என்றாள் மாக்.

"ஊது" என்றேன்.

"முடியலங்க."

"முடியலைங்கிறா" என்று மலாயில் சொன்னேன். இப்படியே மூவரும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். திரையின் அடியில், கிழித்த புடவைத் துண்டுகள் ஒரு தகரத் தாம்பாளத்தில் சேருவது தெரிந்தது. அவற்றின் நிறத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

"தூங்க விடாதே. அவகிட்ட பேசு" என்றாள் மாக்.

படித்தவன், பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரை எழுதுகிறவன் நான். வாயைத் திறந்தால் ஆபீசில் நாள் முழுக்கச் சொல்வதுதான் வந்தது: "நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். பாய் படுக்கை கூட எடுத்துட்டு வரலாம். சமையல் பாத்திரம் ஒரு சாக்குக்கு மேல கூடாது. சீட்டைத் தொலைச்சா..."

"கப்பலைப் பத்திப் பேசாதீங்க" என்றாள் மனைவி. அவளிடமிருந்து கோபம் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

மாக் திரையை விலக்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "மார்ல வைக்கச் சொல்லு. இப்பவே. பிள்ளை குடிச்சா உள்ளே இழுத்துப் பிடிச்சிருக்கிறது விடும்."

சொன்னேன்.

"மாட்டேன்" என்றாள் மனைவி.

அந்த வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. "என்னது?"

"சேனை வெக்காம எப்படிங்க பால் கொடுக்கிறது? முதப் பாலைப் பீச்சிக் கொட்டணும், கொடுக்கக் கூடாது. எங்கம்மா வந்து சேனை வெக்கணும். என் பொண்ணுக்கு எங்கம்மா குணம் வரணும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் குடும்பத்தில் நல்ல குணமுள்ளவராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்த நல்ல குணம் தீவில், வேலிக்குள், கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"என்ன சொல்றா? ஏன் பிள்ளையைத் தள்ளுறா?" என்று மாக் கேட்டாள். அவள் குரலில் முதல் முறையாகப் பயத்தைக் கேட்டேன்.

 இருவரையும் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. குணமாவது ஒன்றாவது, அக்காவாவது தங்கையாவது! இந்த மாதிரி விஷயங்களைக் கேலி செய்து நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் துபாஷிக்குச் சொந்த அபிப்பிராயம் எதற்கு? மனைவி சொன்னதை அப்படியே, ஒன்று விடாமல், மாக்கிடம் சொன்னேன். அம்மா தீவில் இருப்பதையும் சேர்த்து.

மாக் திட்டவில்லை. "எங்க பக்கத்திலும் வாயில இனிப்புத் தொடுவோம்" என்றாள். "செய்ய வேண்டியதுதான். ஆனா படகு வர்ற வரைக்கும் இந்த ரத்தம் காத்திருக்காது. சொல்லு அவகிட்ட. தங்கச்சி கூப்பிட்டாத்தான் அக்கா வருவா. பிள்ளை வாயை வெச்சுக் கூப்பிடணும்."

பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னேன்: "இந்தா பாரு, குழந்தைக்கு ஒரு அக்கா உள்ளேயே நிக்கிறாளாம். குழந்தை பால் குடிச்சுக் கூப்பிட்டாத்தான் அவ வருவாளாம். அவ வரலைன்னா..."  இந்த முறை எதையும் சுருக்கவில்லை. மீதியையும் சொல்லிவிட்டேன்.



"அப்ப அம்மா வெக்க வேண்டியது?" என்றாள் மனைவி. அது கேள்வியாக இல்லை.  

பிறகு, "சர்க்கரை கொண்டாங்க. அவளையே வெக்கச் சொல்லுங்க" என்றாள்.

"யாரை?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளைத்தான்."

சர்க்கரையைக் கரைத்துத் திரைக்குள் நீட்டினேன். சொன்னதும் மாக் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, கையைத் துடைத்து, பிஸ்மில்லா சொல்லிக் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு தொட்டு வைத்தாள். வீட்டில் என் மகள் இன்றைக்கு உத்தரவு போடும் தோரணையைப் பார்க்கிற நண்பர்கள், இவளுக்கு யார் சேனை வைத்தது என்று கேட்பதுண்டு. நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. குழந்தை சப்புக்கொட்டும் சத்தம், மாக்கின் மூச்சு, மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே யாரோ சாம்பிராணி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் அரைக்காசுக்கு ஏன் இவ்வளவு நேரம் வாதாடுகிறான் என்று அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் நினைவிருக்கிறது.

"அல்ஹம்துலில்லா!" என்றாள் மாக். அக்கா வந்துவிட்டாள்.

  டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். குடித்த டானிக் முழுவதும் அப்போதுதான் வயிற்றில் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

ரத்தம் அடங்கியது. வந்தது முழுசாக வந்திருக்கிறதா என்று மாக் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் பார்த்தபடி தலையாட்டினேன். அப்புறம் அதைக் கழுவி, உப்பும் புளியும் சேர்த்து, புது மண்சட்டியில் வைத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். "அப்பன்தான் கொண்டுபோய்ப் புதைக்கணும்" என்று என்னிடம் நீட்டினாள்.

சட்டியோடு கீழே இறங்கினேன். கடைக்காரரிடம், "எங்க புதைக்கிறது?" என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல மண்ணு எங்க தம்பி இருக்கு? முன்னால ரோட்டு, பின்னால சாக்கடை. நடுவுல நம்ம ரெண்டு பேரு. எல்லாம் சிமெண்டுலா" என்றார். முனிசிபாலிட்டி மைதானத்தில் நான் மண்வெட்டியோடு இறங்குவதை யோசித்துப் பார்த்தேன். மாக் மேலிருந்து, தன் வீட்டுத் தென்னை மரத்தடியில் இடம் இருக்கிறது, ஜெலுத்தோங்கில், கடலோரம், மருமகன் மண்வெட்டி தருவான் என்று கத்தினாள். கூடவே ஓர் எச்சரிக்கை: சட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது நேரே பார்த்துப் போக வேண்டும். அக்கம்பக்கம் திரும்பினால் பிள்ளைக்கு மாறுகண் வந்துவிடும்.

இதை நான் கீழிருந்தே தமிழில் திருப்பிக் கத்தக் கேட்டு மனைவி, அவ்வளவு களைப்பிலும், என்னைக் கூப்பிட்டாள். மாடியேறிப் பலகை அருகே போனேன்.

"கடலோரம்னா அங்கேருந்து தீவு தெரியுமா?"

மாக்கிடம் கேட்டேன். வெயில் அடித்தால் நன்றாகத் தெரியும் என்றாள்.

"அப்ப அம்மா இருக்கிற பக்கம் பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி.

ஒருத்தி பார்க்காதே என்கிறாள். இன்னொருத்தி பார்த்துவிட்டு வா என்கிறாள். இரண்டையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஆகவே எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

ரிக்‌ஷாவில் மடியில் சட்டியோடு போனேன். கழுத்து மரக்கட்டை மாதிரி. இடதுபுறம் கடல் வர ஆரம்பித்தது; உப்புக்காற்றில் தெரிந்தது. எதிரே ரிக்‌ஷாக்காரரின் முதுகைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் நடைபாதையிலிருந்து, "சார்! சார்!" என்று கூப்பிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. கர்வம் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்து நான் எழுதிய கட்டுரை அந்த வாரம்தான் பத்திரிகையில் வந்திருந்தது. அதைப் படித்தவராகக்கூட இருக்கலாம்.

மாக்கின் மருமகன் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியைத் தந்தார். தென்னை மரத்தடியில் குழி வெட்டினேன். பேனா பிடித்த கை. குழி வட்டமாகவும் வரவில்லை, சதுரமாகவும் வரவில்லை. சட்டியை இறக்குவதற்கு முன் ஒரு யோசனை தோன்றியது. பக்கவாட்டில் பார்க்கத்தானே தடை? நேரே பார்க்கலாமே. சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, தலையைத் திருப்பாமல், காலடி காலடியாக உடம்பு முழுவதையும் திருப்பினேன். அணிவகுப்பில் திரும்பும் சிப்பாய் போல. மருமகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

தீவு இருக்க வேண்டிய இடத்தில் மழை இருந்தது. சாம்பல் நிறத்தில் வானத்திலிருந்து கடல்வரை தொங்கிய ஒரு திரை. கரை இல்லை, மலை இல்லை, புகை இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். விலகவில்லை. மெதுவாக என் பக்கமே வந்தது. பழையபடி காலடி காலடியாகத் திரும்பி, சட்டியைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினேன். முதல் தூறல் முதுகில் விழுந்தது.

வீட்டுக்கு வரும்போது நனைந்திருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பயமில்லை, கஞ்சி கொடுங்கள் என்று சொல்லிப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு முதல் முறையாக மாக் திரையை முழுக்க விலக்கி என்னை வரவிட்டாள், உள்ளே இல்லை, வாசல்வரை. மனைவியின் முகம் வெளுத்திருந்தது. குழந்தை அவள் கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். மரம் தெரிந்தது, கட்டடம் தெரிந்தது, வெள்ளைப் புடவையில் யாரோ நின்றமாதிரி இருந்தது என்று அளக்க எனக்கு வராதா? காலையிலிருந்து அவளுக்கு எதையெதையோ சுருக்கிச் சுருக்கிச் சொல்லி, எதுவும் பலிக்காததைப் பார்த்துவிட்டேன்.

"இல்ல. மழை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். வலியில் அழாதவள், ஊத முடியாதபோது அழாதவள், இப்போது குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தீட்டு, தொடக்கூடாது. அப்படி இல்லாவிட்டாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் மாக்.

"அவ அம்மாவைக் கேக்கிறா."

மாக் பாயில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதுகைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"மண்ணு, கிராணி. கீழே போய்க் கையைக் கழுவு" என்றாள்.

போய்க் கழுவினேன்.